‘காயர்’ என்ற சொல்லின் பிறப்பு

காயர் என்பது தேங்காய் மட்டையிலிருந்து எடுக்கப்படும் நாரையும் அந்த நாரினால் செய்யப்படும் பொருட்களையும் குறிக்கும் ஆங்கிலச் சொல். ஆங்கில உச்சரிப்பில் இது ‘கொயர்’ என்று ஒலிக்கும். தமிழகத்தின் தொழில் வழக்கில் ‘காயர்’ என்று எழுதப்படுகிறது. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் ‘கயிறு’, ‘கயர்’ என்ற சொற்களே இதன் மூலம். அவை போர்ச்சுக்கீசிய மொழி வழியாக ஆங்கிலத்தை அடைந்தன. மூலம் பற்றிப் பெரிய கருத்துவேறுபாடு இல்லை. ஆனால் சொல் எந்த மொழியிலிருந்து, எந்தக் கரையில், எந்தப் பொருளில் எடுக்கப்பட்டது என்பதை விளக்குவதில் அகராதிகளும், ‘ஆங்கிலத்தில் தமிழ்’ என்ற தலைப்பில் எழுதுபவர்களும் சில இடங்களில் பிழைபட்டுள்ளனர். இக்கட்டுரை அச்சொல்லின் வழியைத் தொடர்ந்து சென்று அவ்விளக்கங்களை மதிப்பிடுகிறது.

தொழில் வழக்கு

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் அமைந்துள்ள சிங்கம்புணரி, தென்னை நார்த் தொழிலால் அறியப்பட்ட ஊர். இத்தொழிலில் மட்டை, நார், புரி, கயிறு என்ற நான்கு சொற்களும் நான்கு நிலைகளைக் குறிப்பவை. காயை உரித்தால் கிடைப்பது மட்டை. மட்டையை அடித்துப் பிரித்தால் கிடைப்பது நார். நாரை ராட்டில் கொடுத்துத் திரித்தால் புரி. புரிகளைச் சேர்த்து முறுக்கினால் கயிறு. நாரைக் கயிறு என்றோ கயிற்றை நார் என்றோ இத்தொழிலில் உள்ள எவரும் சொல்வதில்லை. நாருக்கு ஒரு விலை, கயிற்றுக்கு வேறு விலை. இரண்டுக்கும் நடுவே இருப்பது திரிப்பவரின் உழைப்பு.

இதே ஊர்களில் உள்ள ஆலைகளின் பெயர்ப்பலகைகளில் ‘காயர்’ என்ற சொல்லும் காணப்படுகிறது. அச்சொல் நாரையும் குறிக்கும், கயிற்றையும் குறிக்கும், மெத்தையையும் மிதியடியையும் குறிக்கும். தமிழில் தெளிவாகப் பிரிந்திருக்கும் இரண்டு நிலைகளை ஆங்கிலச் சொல் ஒன்றாக்கிவிடுகிறது. இந்தப் பொருள் மயக்கம் எங்கே நேர்ந்தது என்று கேட்பதே சொல்லின் வரலாற்றைத் தொடங்குவதற்குச் சரியான இடம்.

தமிழில் ‘கயிறு’

‘கயிறு’ சங்க இலக்கியத்திலேயே வழங்கும் சொல். நற்றிணையின் 284-ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் தெரியவில்லை. யானைகள் இழுக்கும் பழைய கயிற்றை உவமையாக்கியதால் அவர் ‘தேய்புரிப் பழங்கயிற்றினார்’ என்று அழைக்கப்பட்டார். புரி தேய்ந்த பழைய கயிற்றைப் பாடியவர் என்பது இப்பெயரின் பொருள். புரி, கயிறு என்ற இரண்டு சொற்களும் இன்று சிங்கம்புணரியில் எந்தப் பொருளில் வழங்குகின்றனவோ அதே பொருளில் அப்பெயரில் நிற்கின்றன.

தமிழில் ‘கயிறு’ எந்தக் காலத்திலும் தென்னையோடு மட்டும் கட்டுண்ட சொல்லாக இருந்ததில்லை. தாலிக்கயிறு பருத்தி நூலால் ஆனது. மூக்கணாங்கயிறு எதனால் ஆனாலும் மூக்கணாங்கயிறுதான். தேரை இழுப்பது வடம், கன்றைக் கட்டுவது தாம்பு என்று வேறு பெயர்கள் இருந்தாலும், திரித்துச் செய்த எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் கயிறு. அது செய்பொருளின் பெயர். மூலப்பொருளின் பெயர் அல்ல.

மலையாளத்திலும் இதே நிலைதான். அங்கு ‘கயர்’ என்பது கயிறு. மட்டையிலிருந்து எடுக்கும் நாருக்குப் பெயர் ‘சகிரி’. எனவே நாரைக் கயிற்றின் பெயரால் அழைக்கும் வழக்கம் தமிழிலோ மலையாளத்திலோ தோன்றியதல்ல. அது வாங்கியவர்களின் வாயில் தோன்றியது.

போர்ச்சுக்கீசிய வடிவம்

வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டை அடைந்தபின் சில ஆண்டுகளுக்குள் போர்ச்சுக்கீசியரின் எழுத்துகளில் ‘கைரோ’ என்ற சொல் வந்துவிடுகிறது. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கப்பல் கட்டும் முறை அவர்களுக்குப் புதியது. நங்கூரத்துக்கும் பாய்மரத்துக்கும் அவர்களுக்கே கயிறு தேவைப்பட்டது. உப்புநீரில் ஊறி உப்பி இறுகும் தன்மை தேங்காய் நாருக்கு உண்டு. 1563-இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருத்துவ உரையாடல் நூலும் இத்தன்மையைக் குறிப்பிடுகிறது.

சொல்வரலாற்றுக்கு மிக முக்கியமான சான்று துவார்த்தே பார்போசாவினுடையது. பார்போசா கண்ணூரில் இருந்த போர்ச்சுக்கீசிய வணிக நிலையத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர். மலையாளம் அறிந்தவர். 1516-ஐ ஒட்டி அவர் எழுதிய நூலில் மாலத்தீவைப் பற்றிச் சொல்லும்போது அங்கே தென்னையிலிருந்து செய்யப்படும் கயிற்றைக் ‘கைரோ’ என்று குறிப்பிடுகிறார். ஆனால் மாலத்தீவின் திவேகி மொழியில் இதற்குப் பெயர் ‘ரோனு’. சரக்கு மாலத்தீவினுடையது, அதற்கு வைத்த பெயர் கண்ணூரினுடையது. அக்காலத்தில் கண்ணூர் வணிகர்கள் மாலத்தீவுக் கயிற்று வணிகத்தில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தனர். சரக்கு யார் கைவழியாக வந்ததோ அவர்களுடைய சொல்லே அதற்குப் பெயராகியது.

அரபு நூல்களில் உள்ள வடிவம்

ஐரோப்பியருக்கு முன்பே அரபு எழுத்தாளர்கள் தேங்காய் நார்க் கயிற்றைக் குறிப்பிட்டுள்ளனர். பதினொன்றாம் நூற்றாண்டில் அல்பிரூனி இந்தியப் பெருங்கடல் தீவுகளை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சோழிகளின் பெயராலும் மற்றொன்றைக் ‘கன்பார்’ என்ற கயிற்றின் பெயராலும் அழைக்கிறார். பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவில் நீதிபதியாக இருந்த இபின் பதூதாவும் அதே சொல்லையே கையாள்கிறார்.

ஹென்றி யூல், ஏ.சி. பர்னல் இருவரும் தொகுத்து 1886-இல் வெளியான ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. அரபு எழுத்தில் சில மெய்கள் புள்ளிகளால் மட்டுமே வேறுபடுகின்றன. எனவே ‘கையார்’ என்று எழுதப்பட்ட சொல் புள்ளிகள் மாறிக் ‘கன்பார்’ என்று படிக்கப்பட்டிருக்கலாம் என்பது அவர்களின் ஊகம்.

ஊகம் கூர்மையானது. ஆனால் அதில் ஒரு தடை உள்ளது. அல்பிரூனி மாலத்தீவுக்குச் சென்றவரல்லர். அவருடைய சொல் ஏட்டுப் பிழையாக இருக்கலாம். இபின் பதூதா அத்தீவுகளில் வாழ்ந்தவர். கயிற்றைக் கண்ணால் பார்த்து, அதன் பெயரைக் காதால் கேட்டவர். முந்நூறு ஆண்டு இடைவெளியில் இருவரும் ஒரே பிழையைச் செய்தார்கள் என்பதைவிட, கடலோடிகளின் பேச்சில் ‘கன்பார்’ என்றே ஒரு சொல் இருந்தது என்று கொள்வது எளிது. எனவே அரபு வடிவத்தைக் ‘கயிறு’ என்பதன் முற்கால வடிவமாக வரிசையில் சேர்ப்பது பொருத்தமன்று. இதைச் சேர்த்தால் வரலாறு ஐந்நூறு ஆண்டு பழமை பெறும் என்பது உண்மை. ஆனால் பழமைக்காக ஓர் ஊகத்தைச் சான்றாக்க முடியாது.

ஆங்கிலத்தில்

ஆங்கிலத்துக்கு இச்சொல் முதலில் போர்ச்சுக்கீசிய உருவிலேயே வந்தது. காஸ்டன்ஹேடாவின் போர்ச்சுக்கீசிய வரலாற்று நூலின் 1582-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் அது ‘கைரோ’ என்றே உள்ளது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஓகார ஈறு இல்லாத வடிவம் தோன்றிப் பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைபெற்றது. ஆங்கிலேயர் மலபார்க் கரையில் நேரடியாக வணிகம் செய்த காலம் அது. உள்ளூரில் கேட்ட ‘கயர்’ என்ற ஒலியே இம்மாற்றத்துக்குக் காரணமாகியிருக்க வேண்டும். 1859-இல் ஜேம்ஸ் டாரா ஆலப்புழையில் நார்ப் பாய், மிதியடி செய்யும் ஆலையைத் தொடங்கிய பிறகு இச்சொல் கப்பல்துறையிலிருந்து வீட்டு வாசலுக்கு வந்தது.

ஆங்கிலத்தில் கயிற்றைக் குறிக்க ஏற்கெனவே ‘ரோப்’, ‘கார்ட்’ என்ற சொற்கள் இருந்தன. முதலாவது ஜெர்மானியக் குடும்பத்தின் பழைய சொல். இரண்டாவது கிரேக்கத்தில் குடலைக் குறித்த ‘கோர்தே’ என்ற சொல்லிலிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தது. விலங்கின் குடலை முறுக்கி நரம்பு செய்ததால் குடலின் பெயர் நரம்புக்கும் பிறகு கயிற்றுக்கும் ஆயிற்று. அங்கே மூலப்பொருளின் பெயர் செய்பொருளுக்குச் சென்றது. காயரில் நேர்ந்தது இதற்குத் தலைகீழ். செய்பொருளின் பெயர் மூலப்பொருளுக்குச் சென்றது. கயிற்றுக்குத் தங்களிடம் சொல் இருந்தவர்களுக்குத் தேவைப்பட்டது அந்தப் புதிய நாருக்கான பெயர் மட்டுமே. அதனால்தான் ஆங்கிலத்தில் ‘காயர் ரோப்’ என்று சொல்ல முடிகிறது. தமிழில் அதை அப்படியே சொன்னால் ‘கயிற்றுக் கயிறு’.

அகராதிகளின் விளக்கங்கள்

ஹாப்சன் ஜாப்சன் அகராதியின் பெரிய சிறப்பு, இச்சொல் உண்மையில் கயிற்றையே குறிக்கும், நாரைக் குறித்தது ஐரோப்பிய வழக்கு என்பதைத் தெளிவாகச் சொன்னது. பின்வந்த பலர் இந்தக் குறிப்பைக் கவனிக்கவில்லை.

அதே அகராதி ‘கயர்’ என்பதை, முறுக்கப்படுதல் என்ற பொருள் கொண்ட ஒரு வினையிலிருந்து வருவிக்கிறது. இது பல ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றுள்ளது. ஆனால் இன்றைய மலையாளத்தில் ‘கயறுக’ என்றால் ஏறுதல். முறுக்குதலுக்கு அங்கே ‘பிரிக்குக’ என்பது சொல். தமிழில் ‘கயிறு’ பெயர்ச்சொல்லாகவே வழங்குகிறது. முறுக்குதலைக் குறிக்கப் புரிதல், திரித்தல், முறுக்குதல் என்ற வினைகள் தனியே உள்ளன. ‘தேய்புரி’ என்ற சங்கத்தொடரில் அந்த வினையின் பெயர் வடிவம் கயிற்றுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கயிறு முறுக்கிச் செய்யப்படும் பொருள் என்பதால் அதன் பெயரும் முறுக்குதலிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இந்த விளக்கத்தின் பின்னால் இருக்கிறது. யூலும் பர்னலும் எழுதிய காலத்தில் நற்றிணை அச்சில் இல்லை. அது 1915-இல்தான் பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர் பதிப்பாக வெளிவந்தது. எனவே அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நற்றிணை அச்சில் வந்த பின்னும் இவ்விளக்கத்தைச் சோதிக்காமல் திரும்ப அச்சிட்டவர்களைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது.

தமிழா, மலையாளமா

சில அகராதிகள் மூலத்தை மலையாளம் என்றும், சில தமிழ் என்றும், சில இரண்டும் என்றும் தருகின்றன. ‘ஆங்கிலத்தில் தமிழ்’ பட்டியல்களில் இது ஐயமின்றித் தமிழ்ச்சொல்லாகவே இடம்பெறுகிறது.

ஒலி வடிவத்தைக் கொண்டு மட்டும் இதை முடிவுசெய்ய முடியாது. ‘கைரோ’ என்ற வடிவில் இரண்டாம் உயிர் மறைந்துவிட்டது. அது தமிழின் இகரமா மலையாளத்தின் அகரமா என்று அறிய வழியில்லை. தமிழ்ப் பேச்சு வழக்கிலும் ‘கயறு’ உண்டு. முடிவுசெய்ய உதவுவது காலமும் இடமும். போர்ச்சுக்கீசியர் முத்துக்குளித்துறைக் கரையில் காலூன்றியது 1530-களில். பார்போசாவின் நூல் அதற்குச் சில ஆண்டுகள் முந்தியது. எழுதியவர் கண்ணூர்வாசி. எனவே போர்ச்சுக்கீசியம் கடன் வாங்கியது மலையாளக் கரையின் வாய்மொழியிலிருந்து என்பதே சான்றுகள் காட்டும் முடிவு.

ஆனால் அன்று இரண்டு மொழிகளுக்கும் நடுவே இன்றுள்ள வேலி இல்லை. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் நூல். அதன் மொழி அந்நூலிலேயே ‘மலபார்த் தமிழ்’ என்று குறிக்கப்பட்டது. தமிழும் மலையாளமும் பொதுவாகப் பெற்ற சொத்து ‘கயிறு’. அதன் பழைய எழுத்துச் சான்று தமிழில் உள்ளது. கொடுத்தவர் யார், சொத்தின் பழைய பத்திரம் யாரிடம் உள்ளது என்பவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். ‘காயர் தமிழ்ச்சொல்’ என்று சொல்பவர்கள் இரண்டாம் கேள்விக்கான விடையை முதல் கேள்விக்கு எழுதுகிறார்கள். ‘மலையாளச்சொல்’ என்று மட்டும் எழுதும் அகராதிகள் இரண்டாம் கேள்வியைக் கேட்பதே இல்லை.

போலி ஒப்புமைகளிலிருந்து வேறுபாடு

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் மூலம் காட்டும் முயற்சிகளில் காயரைப் போன்ற உறுதியான சொற்களும், ஒலி ஒப்புமை ஒன்றை மட்டும் நம்பிய சொற்களும் ஒரே பட்டியலில் கலந்து காணப்படுகின்றன. இவற்றைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஆங்கிலச் சொல்லை நூற்றாண்டு நூற்றாண்டாகப் பின்னோக்கிக் கொண்டுசெல்ல வேண்டும். உண்மையான உறவு என்றால் பின்னால் செல்லச் செல்ல இரண்டு சொற்களும் நெருங்கும். போலி என்றால் விலகும்.

‘கொயர்’ என்ற இன்றைய ஆங்கில ஒலி கயிற்றிலிருந்து சற்று விலகி நிற்கிறது. 1582-க்குச் சென்றால் ‘கைரோ’. 1516-க்குச் சென்றால் கண்ணூர். ஒவ்வொரு படியிலும் கயிறு நெருங்கிவருகிறது. பொருளும் அவ்வாறே, நாரிலிருந்து கயிற்றை நோக்கி வருகிறது.

அழுதலைக் குறிக்கும் ‘க்ரை’ என்ற சொல் ‘கரைதல்’ என்பதிலிருந்து வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் ஒப்புமை. அச்சொல் பிரெஞ்சு ‘கிரியே’ வழியாக லத்தீன் ‘க்விரிதாரே’ என்ற வினைக்குச் செல்கிறது. பின்னால் செல்லச் செல்லக் கரைதல் விலகுகிறது.

‘ஒன்று’, ‘ஒன்’ ஒப்புமையும் இத்தகையது. ஆங்கிலச் சொல்லின் முதலில் இன்று ஒலிக்கும் வகரம் பிற்காலத்தில் வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. அதன் வேரில் னகரம் விகுதி. அதே வேரில் வேறு விகுதி சேர்ந்து சமஸ்கிருதத்தில் உருவான சொல் ‘ஏக’. ஆங்கில ‘ஒன்’னுக்கு இந்தியாவில் உள்ள உண்மையான உறவினர் ஏகம், ஒன்று அல்ல. தமிழின் ‘ஒன்று’ ஒரு, ஓர் என்ற தன் சுற்றத்தோடு வேறு குடும்பத்தில் இருக்கிறது.

இச்சோதனையில் தேறும் சொற்கள் தமிழுக்குக் குறைவல்ல. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவற்றிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொற்களுக்கு எழுத்துச் சான்று உண்டு. இஞ்சியின் ஆங்கிலப் பெயரை லத்தீன், கிரேக்கம், பாலி வழியாக ‘இஞ்சிவேர்’ வரை கொண்டுசெல்வதைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கின்றனர். அரிசியின் ஆங்கிலப் பெயர் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. உறுதியானவை, ஏற்கத்தக்கவை, விவாதத்தில் உள்ளவை, பொருந்தாதவை என்று இவற்றைத் தனித்தனியே எழுதுவதே முறை. கலந்து எழுதப்பட்ட பட்டியலில் ஒரு பொருந்தாத சொல்லைக் கண்ட வெளி வாசகர் கட்டுமரத்தையும் நம்ப மறுப்பார். தமிழில் இல்லாததைப் புனைந்து சொல்வதற்குக் ‘கயிறு திரித்தல்’ என்றே ஒரு மரபுத்தொடர் உண்டு. கயிற்றின் வரலாற்றை எழுதுபவர் அதைச் செய்யாமல் இருப்பது நல்லது.

மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

காயரின் வரலாறு அகராதிக்குள் முடிந்துவிடும் செய்தி அல்ல. நார்த் தொழிலை ஒழுங்குபடுத்த 1953-இல் இயற்றப்பட்ட சட்டமும் அதன்வழி அமைந்த வாரியமும் ஆங்கிலப் பெயரில் ‘காயர்’ என்ற சொல்லையே கொண்டவை. அவற்றின் அறிவிப்புகளும் திட்டங்களும் தமிழுக்கு வரும்போது ‘காயர்’ சில இடங்களில் கயிறு என்றும் சில இடங்களில் தென்னை நார் என்றும் பெயர்க்கப்படுகிறது. ‘கயிறு நார்’ என்ற தொடர் இப்படி உருவானது. நாரிலிருந்து கயிறு வருமே தவிரக் கயிற்றிலிருந்து நார் வருவதில்லை. நார் மெத்தையைக் ‘கயிற்று மெத்தை’ என்றால் கயிற்றுக் கட்டில் நினைவுக்கு வரும். செடி வளர்க்கப் பயன்படும் நார்க்கழிவுக்கும் கயிற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இத்தகைய மொழிபெயர்ப்புகளில் பிழைக்குக் காரணம், ஆங்கிலச் சொல் கயிற்றிலிருந்து வந்தது என்பதை அறியாதது அல்ல. அதை அறிந்து, அதனால் அது கயிற்றையே குறிக்கும் என்று கொள்வதுதான். சொல்லின் பிறப்பை மட்டும் அறிந்து, அது வழியில் பொருள் மாறியதை அறியாவிட்டால் நேரும் பிழை இது. நாரைக் குறிக்கும் இடத்தில் தென்னை நார் என்றும், திரித்ததைக் குறிக்கும் இடத்தில் கயிறு என்றும் எழுதினால் போதும். சிங்கம்புணரியில் ராட்டின் முன் நிற்பவர்கள் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

மதிப்பீடு

‘காயர்’ என்ற சொல்லின் வழி இவ்வாறு அமைகிறது: தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான ‘கயிறு’, மலையாளக் கரையின் ‘கயர்’, பதினாறாம் நூற்றாண்டுப் போர்ச்சுக்கீசியத்தில் ‘கைரோ’, ஆங்கிலத்தில் முதலில் ‘கைரோ’, பிறகு இன்றைய வடிவம், அங்கிருந்து நாரின் பெயராகத் தமிழக ஆலைகளுக்குத் திரும்பிய ‘காயர்’. அரபு வடிவத்துக்கும், முறுக்குதல் என்ற வினைக்கும் இவ்வரிசையில் இடமளிக்கப் போதிய சான்று இல்லை.

இச்சொல்லைத் தமிழின் பெருமைக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் கவனிக்காத செய்தி ஒன்று இதில் உள்ளது. வெளிநாட்டார் கயிறு என்ற பெயரை எடுத்துக்கொண்டு அதை நாருக்கு வைத்தபோது அச்சொல்லிலிருந்து விடுபட்டது திரித்தல் என்ற செயல். தமிழில் நாருக்கும் கயிற்றுக்கும் நடுவே உள்ள வேறுபாடு ஒருவரின் கைவேலையைக் குறிக்கிறது. அந்த வேறுபாட்டைக் காப்பது, ஆங்கில அகராதியில் தமிழுக்கு ஓர் இடம் கேட்பதைவிட உடனடியான தேவை.